நெல் வந்து சேர்ந்த வீடு

கல்லிடைக்குறிச்சியில் என் அம்மா பிறந்த வீட்டுக்கு முகப்பு அகலம் குறைவு. வாசலில் மாட்டுவண்டி ஒன்றைக் குறுக்கே நிறுத்தினால் பாதி வீடு மறைந்துவிடும். நீளம் மட்டும் குறையாது. திண்ணை, தார்சா, பட்டாசல், இரண்டாம் கட்டு, அடுப்படி, புறவாசல், தொழு என்று கதவுக்குப் பின்னால் கதவாகப் போய்க்கொண்டே இருக்கும். எல்லாக் கதவையும் திறந்து வைத்தால், தெருவில் நிற்பவர் கண்ணுக்குக் கடைசிக் கதவின் வெயில் தெரியும். அந்த வெயிலுக்கு அப்பால் வாய்க்கால். வாய்க்காலுக்கு அப்பால் வயல்.

இப்போதெல்லாம் எங்கள் தெருவுக்குப் படம் எடுக்க ஆட்கள் வருகிறார்கள். தூணையும் கதவின் செதுக்கு வேலையையும் ஊஞ்சலையும் எடுத்துக்கொண்டு போகிறார்கள். சந்தோஷம்தான். ஆனால் இந்த வீடுகளைத் தெருப் பக்கத்திலிருந்து பார்த்துப் புரிந்துகொள்ள முடியாது என்பது என் எண்ணம். வயலில் இருந்து புறப்பட்டு, வரப்பில் நடந்து, வாய்க்காலைத் தாண்டி, புறவாசல் வழியாக உள்ளே வர வேண்டும். நெல் அப்படித்தான் வந்தது. நெல் வருவதற்காகவே இந்த வீடுகளைக் கட்டினார்கள். மனிதர்கள் மீதி இடத்தில் குடியிருந்தார்கள்.

பட்டாசல் என்னும் கூடத்தை ஒட்டி அரங்கு. அதற்கு ஜன்னல் கிடையாது. பகலிலும் விளக்கு கொண்டுபோக வேண்டும். சுவர் மற்ற அறைகளின் சுவரைவிடத் தடிமன், நிலை குட்டை, தரை ஒரு படி உயரம். ஈரமும் எலியும் உள்ளே வரக்கூடாது என்பதற்காக ஒவ்வொன்றையும் யோசித்துச் செய்திருந்தார்கள். உள்ளே என் உயரத்தைவிட உயரமான குலுக்கைகள் நின்றன. களிமண்ணையும் வைக்கோலையும் பிசைந்து, வளையம் வளையமாக ஏற்றி, ஒவ்வொரு வளையமும் காய்ந்த பிறகு அடுத்ததை வைத்து எழுப்பிய மண் குதிர்கள் அவை. அடியில் ஒரு துவாரம், அதில் துணி அடைத்திருக்கும். ஆச்சி, என் அம்மாவைப் பெற்றவள், துணியை உருவினால் நெல் தானாகக் கொட்டும். வேண்டிய அளவு மரக்காலில் விழுந்ததும் உள்ளங்கையால் தடுத்துத் துணியைத் திணித்துவிடுவாள். அந்தக் கை கணக்கு தப்பியதை நான் பார்த்ததில்லை.

பட்டாசல் ஏன் அவ்வளவு பெரிது? கார் பருவ அறுப்பு நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் ஈர நெல்லைக் குவிக்க இடம் வேண்டும். மாடிப்படி ஏன் அவ்வளவு தாழ்வான படிகளாக இருக்கிறது? அவித்த நெல்லைக் கடகத்தில் தலையில் வைத்துக்கொண்டு ஒரு பெண் மட்டப்பாவுக்கு, அதாவது மொட்டை மாடிக்கு, ஏற வேண்டும். மட்டப்பா ஏன் அவ்வளவு வழவழப்பு? அங்கே காயப்போட்ட நெல்லில் ஒரு மணிகூடச் சந்தில் சிக்கக்கூடாது. செங்கல்லைக் குத்துவாக்கில் அடுக்கி, மேலே சுண்ணாம்புக் கொத்து போட்டு, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்துப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் தட்டி இறுக்கிய தளம் அது. சித்திரை வெயிலிலும் கீழே பட்டாசல் குளுகுளுவென்றிருக்கும்.

இத்தனைக்கும் மூலம் ஒரு வாய்க்கால்.

தாமிரபரணி பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேர்வதற்குள் 8 அணைக்கட்டுகளைத் தாண்டுகிறது. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். இவற்றில் ஸ்ரீவைகுண்டம் அணை 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் காலத்தில் கட்டியது. மற்ற ஏழும் அவர்கள் வருவதற்கு முன்பே இருந்தவை. எங்களுடையது மூன்றாவது, கன்னடியன். அதிலிருந்து பிரியும் கால்வாய் எங்கள் ஊரைத் தொட்டுக்கொண்டு வீரவநல்லூர், சேரன்மகாதேவி, பத்தமடை வழியாகப் பிராஞ்சேரிக் குளம் வரை போகிறது.

அதை வெட்டியவர் யார் என்பதற்கு ஆச்சியிடம் ஒரு கதை இருந்தது. எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் இருக்கும் கதைதான். கன்னட நாட்டிலிருந்து வந்த ஒருவர் கையில் பெரும்பொருள் சேர்ந்தது. அதைத் தர்மத்துக்குச் செலவிட நினைத்தார். கால்வாயை எந்த வழியில் கொண்டுபோவது என்று தெரியவில்லை. ஒரு பசுவை முன்னால் நடக்க விட்டார்கள். அது நடந்த தடமெல்லாம் கால்வாய், கோமியம் விட்ட இடமெல்லாம் மடை, படுத்த இடமெல்லாம் குளம். ஆச்சி இதைச் சொல்லும்போது கால்வாயின் வளைவுகளைக் கையால் காற்றில் வரைந்து காட்டுவாள். பின்னாளில் பத்தமடைக்குப் பேருந்தில் போகும்போது ஜன்னல் வழியே அந்த வளைவுகளைப் பார்த்தேன். மேட்டை ஒட்டி, சரிவு கெடாமல், வயல்கள் எல்லாம் தனக்குக் கீழே இருக்கும்படி வளைந்து வளைந்து போகிறது அது. ஒரு கருவியும் இல்லாத காலத்தில் அந்த வாட்டத்தைக் கண்டுபிடித்தவர்கள் நிலத்தைக் காலால் அறிந்தவர்களாகத்தான் இருந்திருப்பார்கள். கதையில் பசு வந்ததற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

எங்கள் வீட்டில் செய்தித்தாள் வந்ததும் தாத்தா முதலில் தேடுவது அணையின் நீர்மட்டம். பாபநாசம் அணையின் முழுக்கொள்ளளவு 143 அடி, மணிமுத்தாறு 118 அடி. இந்த இரண்டு எண்களும் எனக்குப் பெருக்கல் வாய்ப்பாட்டுக்கு முன்பே தெரியும். வைகாசி கடைசியில் தென்மேற்கே மலை கறுத்துக்கொண்டு நின்றால், திண்ணையில் உட்கார்ந்திருப்பவர்களின் பேச்சே மாறிவிடும். ஜூன் பிறந்ததும் கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறப்பது வழக்கம். திறந்த செய்தி வருவதற்கு முன்பே ஆச்சிக்குத் தெரிந்துவிடும். வாய்க்காலில் முதல் தண்ணீர் சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு வரும் சத்தம் புறவாசலில் கேட்கும்.

தண்ணீர் வந்தது என்பதற்காக யாரும் தன் வயலுக்குத் தானே மடை திறந்துவிட முடியாது. அதற்கென்று மடைக்குடும்பனார் இருந்தார். தோளில் மண்வெட்டி, தலையில் துண்டு, ராத்திரியில் கையில் ஒரு டார்ச் லைட். எந்த வயல் மேடு, எது பள்ளம், எந்த வரப்பில் நண்டு பொந்து வைத்திருக்கிறது, எங்கே தண்ணீர் கசிகிறது என்பது முழுவதும் அவர் தலைக்குள் இருந்தது. பத்துக் கோட்டை விதைப்பாட்டுக்காரரும் ஒரு மரக்கால் விதைப்பாட்டுக்காரரும் அவர் முறைக்குக் காத்திருக்க வேண்டும். ஒரு வருஷம் தண்ணீர் குறைந்தபோது, எங்கள் தாத்தா கொஞ்சம் முன்னதாகவே வேண்டும் என்று கேட்டார். “ஐயா, கடைமடைக்காரன் வயலும் வயல்தானே. பொழுது விடியட்டும்” என்று அவர் சொன்னதும் தாத்தா பேசாமல் திரும்பி வந்துவிட்டார். பொறியாளர்கள் வரைபடத்தில் குறிக்கும் அறிவு ஒருவகை. அந்த மனிதரின் கால்களில் இருந்த அறிவு இன்னொரு வகை. இந்தப் பக்கத்து ஊர்களின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பாண்டியரையும் நாயக்கரையும் எழுதிவிட்டு, மடைக்குடும்பனாருக்கும் ஒரு அத்தியாயம் ஒதுக்க வேண்டும்.

காருக்கு நாற்று பாவும்போது தொளி உழவின் வாசனை தெருவரைக்கும் வரும். புரட்டாசியில் கார் அறுப்பு. உடனே ஐப்பசி மழையை நம்பிப் பிசானம். மாசி பங்குனியில் அதன் அறுப்பு. எங்கள் வீட்டில் வருஷத்துக்கு இரண்டே காலங்கள் இருந்தன, காரும் பிசானமும். யாருக்குக் கல்யாணம் பேசினாலும், யார் கடன் கேட்டாலும், சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதென்றாலும், “பிசானம் கழியட்டும்” என்பதே பதில். என் அம்மா பிறந்த தேதி ஆச்சிக்குத் தெரியாது. கார் நெல் அவித்துக்கொண்டிருந்தபோது வலி எடுத்தது என்பது தெரியும்.

அறுப்புக் காலத்தில்தான் நாங்கள் லீவுக்குப் போவோம். கதிர்க்கட்டுகள் தலைச்சுமையாகக் களத்துக்கு வரும். முதலில் கல்லில் ஓங்கி அடிப்பு. பிறகு தாளைப் பரப்பி மாடுகளைப் பிணைத்துச் சுற்றவிட்டு, ஒட்டியிருக்கும் மணிகளையும் உதிர்ப்பார்கள். சாயங்காலக் காற்றுக்குக் காத்திருந்து பொலி தூற்றுவார்கள். பதர் ஒரு பக்கம், நெல் ஒரு பக்கம். பிறகு அளவு. அளப்பவர் முதல் மரக்காலை ‘ஒன்று’ என்று சொல்லமாட்டார். “லாபம்” என்று பாடுவது மாதிரி இழுத்துச் சொல்லி, பிறகு ரெண்டு, மூணு என்று போவார். 21 மரக்கால் ஆனால் ஒரு கோட்டை. அவர் குரலை யாரும் இடைமறிக்கக்கூடாது. களம் முழுக்க அந்த எண்கள் மட்டும் கேட்கும்.

அளந்த நெல் அப்படியே வீட்டுக்கு வந்துவிடாது. அறுத்தவர்களுக்குக் கூலி நெல், மடைக்குடும்பனாருக்கு, கொல்லருக்கு, தச்சருக்கு, சலவைக்காரருக்கு, முடிதிருத்துபவருக்கு, கோயிலுக்கு என்று களத்திலேயே பங்குகள் பிரியும். மிச்சம் சாக்கில் ஏறி வண்டியில் வரும். வண்டி புறவாசலுக்கு வந்ததும் ஆச்சி ஒரு சொம்புத் தண்ணீரை வாசலில் தெளித்து, முதல் சாக்கைத் தொட்டுக் கும்பிடுவாள். எங்களுக்கெல்லாம் அன்றைக்கு ஆளுக்கு ஒரு கொட்டான் நெல். அதைக் கடையில் கொடுத்து மிட்டாயோ ஐஸோ வாங்கிக்கொள்ளலாம்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்த நெல்லை நட்டவர்களும் அறுத்தவர்களும் சுமந்தவர்களும் புறவாசலோடு நின்றார்கள். நெல் மட்டும் பட்டாசலைக் கடந்து அரங்குக்குள் போனது. அவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய பாத்திரங்கள் தொழுவில் தனியே கவிழ்ந்து கிடந்தன. சிறு வயதில் அதை நான் வீட்டின் ஒரு பகுதியாகவே பார்த்தேன், தூணைப் போல, படியைப் போல. பழைய வீடுகளின் அழகைப் பாடும்போது இந்தக் கதவை மூடிவிட்டுப் பாடினால் அது பாதி வீடுதான். 1955இல் குத்தகை விவசாயிகளுக்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகு நிலம் மெல்ல மெல்லக் கை மாறியது. எங்கள் தாத்தாவின் வயலில் நாற்று நட்ட ஒரு அம்மாளின் மகன் அதே வயலைப் பின்னால் விலைக்கு வாங்கினார். பத்திரம் முடிந்த அன்று அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஆச்சி அவரைத் தெருவாசல் வழியாக அழைத்து, பட்டாசலில் உட்காரவைத்து, இலை போட்டுச் சாப்பாடு பரிமாறினாள். அந்த வீட்டில் நடந்த நல்ல காரியங்களில் அதை நான் முதலில் வைப்பேன்.

எங்கள் ஊருக்கு வேறு பெருமைகளும் உண்டு. வராகப் பெருமாள் கோயிலைப் பற்றி முத்துசுவாமி தீட்சிதர் ஆபோகி ராகத்தில் ஒரு கிருதி செய்திருக்கிறார். கல்லிடைக்குறிச்சி சுந்தரம் ஐயர் தீட்சிதரின் கிருதிகளைப் புத்தகங்களாகப் பதிப்பித்துக் கொடுத்தார். திருவாவடுதுறை ஆதீனத்தின் கிளை மடம் இங்கே இருக்கிறது. உ.வே.சாமிநாதையர் தம் வாழ்க்கை வரலாற்றில் அதைப் பற்றி எழுதியிருக்கிறார். அப்புறம் அப்பளம். அக்ரஹாரத்துத் தெருக்களில் நடந்தால் உளுந்து மாவும் பெருங்காயமும் கலந்த வாசனை வீட்டுக்கு வீடு வரும். பிரண்டைச் சாறு விட்டுப் பிசைந்த மாவை இடித்து, உருட்டி, இட்டு, நிழலில் உலர்த்தி அந்தப் பெண்கள் எத்தனை பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள் என்பது ஊருக்குத் தெரியும். ருசிக்குக் காரணம் ஆற்றுத் தண்ணீர் என்பார்கள். நான் அந்தக் கைகளையும் சேர்த்துச் சொல்வேன்.

ஆற்றுக்கு அக்கரை அம்பாசமுத்திரம். அங்கே எரிச்சாவுடையார் கோயிலில் வரகுண பாண்டியனின் கல்வெட்டு ஒன்று உண்டு. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் பழையது. அப்போது அந்த ஊர் இளங்கோக்குடி. அரசன் கோயிலின் நான்கு வேளைப் பூசைக்காக 290 காசு கொடுக்கிறான். ஊர்ச்சபை அந்த முதலைக் கெடாமல் வைத்துக்கொண்டு, காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு 2 கலம் நெல்லாக, மொத்தம் 580 கலம் வட்டி அளக்க வேண்டும். அந்த நெல்லிலிருந்துதான் சுவாமிக்கு அரிசி, நெய், தயிர், வாழைப்பழம், சர்க்கரை, காய்கறி, வெற்றிலை பாக்கு எல்லாம். இந்த விவரத்தை முதலில் படித்தபோது எனக்கு ஆச்சி நினைவு வந்தாள். அரசன் கொடுத்த பொன்னும் இந்த ஆற்றங்கரையில் நெல்லாக மாறிய பிறகே கடவுளிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஆச்சியும் அப்படித்தான் கணக்குப் பார்ப்பாள். பட்டுப்புடவை என்ன விலை என்று கேட்டுவிட்டு, அது எத்தனை மரக்கால் என்று மனதுக்குள் அளந்து பார்த்து, “வேண்டாம்ட்டி, அம்புட்டு நெல்லையும் இடுப்புல சுத்திக்கிட்டா போவா?” என்பாள்.

அதே அம்பாசமுத்திரத்தில் 1937 முதல் நெல் ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. அங்கே உருவாகி 1986இல் வெளிவந்த அம்பை 16 என்ற ரகம் எங்கள் பக்கத்து வயல்களை நிறைத்தது. குட்டையான, தடித்த, வெள்ளை அரிசி. ஏறக்குறைய 110 நாளில் அறுத்துவிடலாம். காருக்குப் பொருத்தமானது. இட்லிக்கு அதைவிட நல்ல அரிசி இல்லை என்று எங்கள் வீட்டுப் பெண்கள் அடித்துச் சொல்வார்கள். தாத்தாவுக்கு மட்டும் பழைய நெல்களின் மேல் ஆசை தீரவில்லை. ஆனைக்கொம்பனைப் பற்றி, இறந்துபோன நண்பரைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசுவார். ஆற்றின் கீழ்ப்பக்கம், சீவலப்பேரியில் மூன்று ஆறுகள் கூடும் இடத்தைப் பாடிய முக்கூடற்பள்ளு நெல் வகைகளை வரிசையாக அடுக்குகிறது. அவற்றில் எத்தனை இன்றைக்கு விதையாக இருக்கின்றன என்று நினைத்தால் மனம் கனக்கிறது. ஆனாலும் நான் அம்பை 16இன் பக்கம்தான். அந்த ஆராய்ச்சி நிலையத்து வயல்களில் குனிந்து நின்று கதிரைத் தேர்ந்தெடுத்தவர்களும் இந்த மண்ணின் மரபைச் சேர்ந்தவர்களே. மரபு என்றால் பழையது மட்டும் என்று யார் சொன்னது?

மார்கழி பிறந்ததும் பெண் பிள்ளைகளுக்கு வேறு வேலை வந்துவிடும். விடியற்காலையில் வாசலில் கோலம் போட்டு, சாண உருண்டையில் பூசணிப்பூவை நட்டுக் கோலத்தின் நடுவே வைப்போம். சாயங்காலம் அந்த உருண்டைகளைத் தட்டிச் சிறு எருவாக்கிக் காயவைத்துச் சேர்ப்போம். முற்றத்தில் களிமண்ணால் முழங்கால் உயரத்துக்குச் சிறுவீடு கட்டுவோம். எங்கள் சிறுவீட்டுக்குத் திண்ணை, பட்டாசல், அடுப்படி எல்லாம் உண்டு. அரங்கும் உண்டு. அரங்கில்லாத வீட்டை எங்களால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அதற்குள் சிரட்டை அளவில் ஒரு குலுக்கை செய்து, உண்மையான நெல்லைப் போட்டு வைத்தேன். வெள்ளையடித்து, காவிப் பட்டை இழுத்து, வாசலில் கோலமும் போட்டாயிற்று. தைப் பொங்கல் கழிந்து சிறுவீட்டுப் பொங்கல் அன்று, அதன் முன்னால் அடுப்புக் கூட்டிப் பொங்கலிட்டு, பொங்கலையும் பூ எருவையும் எடுத்துக்கொண்டு ஊர்ப் பெண் பிள்ளைகள் எல்லாரும் ஆற்றுக்குப் போவோம். வாழைப்பட்டையில் வைத்துச் சூடம் ஏற்றித் தண்ணீரில் விடுவோம். எந்தத் தெருவிலிருந்து வந்த பெண் என்று அந்தத் தண்ணீர் கேட்பதில்லை. ஒரு பெண்ணுக்கு வீடு கட்டவும், அதைத் தன் பெயரில் ஒரு மாதம் ஆளவும் கற்றுக்கொடுக்கும் விழா வேறெங்காவது இருக்கிறதா, தெரியாது. எங்கள் நெல்லைச் சீமையில் இருந்தது. சில வீடுகளில் இன்னும் இருக்கிறது.

1992 நவம்பர் 13 அன்று ஆறு ஊருக்குள் வந்தது. தாமிரபரணிக் கரையில் அந்தத் தேதியைச் சொன்னால் போதும், வருஷத்தைச் சொல்ல வேண்டியதில்லை. பல உயிர்கள் போயின. எங்கள் வீட்டில் உயிருக்குச் சேதமில்லை. எல்லாரும் மட்டப்பாவில் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். இறங்கி வந்து பார்த்தபோது அரங்குக்குள் குலுக்கைகள் இல்லை. மண் மண்ணாகக் கரைந்து, உள்ளே இருந்த நெல் சேற்றோடு சேற்றாகப் பரவிக் கிடந்தது. சில நாளில் அது முளைவிட்டது. இருட்டறைக்குள் வெளுத்த பச்சையில் ஒரு நாற்றங்கால். மாமா சுவரில் தண்ணீர் நின்ற உயரத்துக்குக் கரியால் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் தேதியை எழுதினார். அதற்குப் பிறகு குலுக்கை செய்யவில்லை. செய்யத் தெரிந்த கடைசி ஆளும் அதற்கு முந்தைய வருஷம் போய்ச் சேர்ந்திருந்தார்.

குலுக்கை போனது ஒரு தொடக்கம். பிறகு மாடு போயிற்று, தொழுவில் இருசக்கர வாகனங்கள் நின்றன. வைக்கோல் படப்பு போயிற்று. பெல்ட் மிஷின் வயலுக்கே வந்து அறுத்து, அங்கேயே நெல்லைப் பிரித்துக் கொடுக்கிறது. நெல் களத்துக்கு வருவதில்லை. வீட்டுக்கும் வருவதில்லை. வயலில் இருந்து நேரே கொள்முதல் நிலையத்துக்கோ வியாபாரியின் லாரிக்கோ போகிறது. விவசாயிக்கு உடம்பு வலி குறைந்தது, நல்லதுதான். ஆனால் நெல் வராத வீட்டில் அரங்கு எதற்கு, அவ்வளவு பெரிய பட்டாசல் எதற்கு என்று கேள்வி வந்துவிட்டது. தெருவில் ஒவ்வொரு வீடாக இடிகிறது. இடிக்கிறவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிள்ளைகள் பெங்களூரிலும் துபாயிலும் இருக்கும்போது வயதானவர் ஒருவர் இத்தனை கதவுகளையும் எப்படிப் பூட்டித் திறப்பார்? ஆனால் இடிப்பதற்கு முன் அளந்தாவது வைத்துக்கொள்ளலாம். எந்த அறை எந்த நீளம், எதற்காகக் கட்டியது, அங்கே என்ன செய்தார்கள், யார் செய்தார்கள் என்று ஒரு நோட்டில் எழுதலாம். நான் எங்கள் தெரு வீடுகளுக்கு அப்படி எழுதிக்கொண்டிருக்கிறேன். முதியவர்கள் முதலில், “இதுல என்னம்மா இருக்கு?” என்கிறார்கள். பிறகு கையைப் பிடித்து அரங்குக்குள் கூட்டிப்போகிறார்கள்.

இந்த ஊர் தன்னுடையதை விட்டுக்கொடுக்காது என்ற நம்பிக்கை எனக்கு 2019இல் வந்தது. குலசேகரமுடையார் கோயிலில் இருந்து 1982இல் திருடுபோன நடராஜர், கடல் தாண்டி ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் ஒரு கலைக்கூடத்தில் நின்றிருந்தார். 37 வருஷம் கழித்து அவரை மீட்டுக் கொண்டுவந்தார்கள். அந்தச் செய்தி வந்த அன்று எங்கள் சித்தி தொலைபேசியில் பேசியதை மறக்க முடியாது. “நம்ம நடராசர் வந்துட்டாருட்டி! நான் கல்யாணம் ஆகாத பொண்ணா இருந்தப்போ போனவரு!” அவள் அழுதுகொண்டே சிரித்தாள். அவளுக்கு அவர் அருங்காட்சியகப் பொருள் இல்லை. காணாமல் போய்த் திரும்பிய வீட்டு மனிதர்.

எங்கள் வீட்டை இப்போது மாமா மகன், என் அத்தான், பார்த்துக்கொள்கிறார். தாலுகா ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மிச்சமிருக்கும் வயலைக் குத்தகைக்கு விடாமல் தானே பயிர் வைக்கிறார். போன கார்த்திகையில் மட்டப்பாவில் ஒழுகல் கண்டது. சிமென்ட் போட்டுப் பூசிவிடலாம் என்று பலர் சொன்னார்கள். அத்தான் சம்மதிக்கவில்லை. சுண்ணாம்பு வேலை தெரிந்த பெரியவர் ஒருவரை வீரவநல்லூரில் தேடிப் பிடித்துக் கூட்டிவந்தார். நானும் அன்றைக்கு ஊரில் இருந்தேன். கொத்தனார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மட்டப்பாவில் மூலை மூலையாகக் குந்தி உட்கார்ந்து, விரல் மொழியால் தட்டித் தட்டிக் கேட்டார். பொக்கைச் சத்தம் வந்த இடத்திலெல்லாம் செங்கல் துண்டால் வட்டம் போட்டார். இறங்கி வரும்போது அரங்கையும் பார்க்க வேண்டும் என்றார். கரிக்கோட்டையும் தேதியையும் பார்த்துத் தலையை ஆட்டினார்.

“அண்ணாச்சி, தளம் கெட்டியாத்தான் இருக்கு. மேல் பூச்சுதான் விட்டுப் போச்சு. சுண்ணாம்பை இப்பவே குழியில போட்டு ஊற வைக்கணும். ஆனா இந்த ஈரத்துல வேலை செய்யக்கூடாது. பங்குனி வெயில் வேணும். தட்டுறதுக்குப் பொம்பளையாளு எட்டுப் பேரு வேணும். எங்க ஊர்ல மூணு பேரு இருக்காக, மிச்சப் பேரை நீங்கதான் பாக்கணும்.”

“ஆளு நான் பாக்கேன்” என்றார் அத்தான். “ரூவா எம்புட்டு ஆகும்?”

கொத்தனார் தொகையைச் சொன்னார். அத்தான் புறவாசலைத் திறந்து, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நின்ற பிசானப் பயிரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பயிர் தூர் கட்டியிருந்தது.

“பங்குனில அறுத்துருவேன். நெல்லு போட்ட காசு கைக்கு வந்த மறுநாளு வேலையைத் தொடங்கிருவோம்” என்றார்.